கொப்னட்டுக்கு ஊற்றிய தண்ணீர்

டெரீன், கார்க்
2 மார்ச் 1955

ஜூலியா,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. இங்கிலாந்துத் தபால்தலையைக் கண்டால் தபால்காரர் நெட் வாசலை விட்டு நகர மாட்டார், உனக்குத் தெரியும். "தங்கச்சிக்கு என்ன குழந்தை?" என்றார். "பொண்ணு" என்றேன். "பேரு வெச்சாச்சா?" என்றார். "இல்ல" என்று பொய் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பெண் பிறந்ததில் எனக்குச் சந்தோஷம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், கீழே போகப் போக எழுத மனம் வராது. புனித கொப்னட்டின் திருநாளன்று உனக்காகத்தான் கோயிலுக்குப் போனேன். அந்தப் பழைய மரச்சிலையோடு வைத்து ரிப்பன் அளந்து வந்தேன், பிரசவத்துக்கு இடுப்பில் கட்டிக்கொள்வாய் என்று. நான் வரிசையில் நின்றுகொண்டிருந்த அதே நாளில் நீ அங்கே பெற்றெடுத்திருக்கிறாய். சரி, நல்லது.

பெயரை மாற்று.

ஏன் என்று கேட்காதே. அன்றைக்கு அந்த அறையில் இருந்தவள் நீ. ஆறு வருஷத்துக்கு முன்னால், நவம்பர் மழையில், என் பிள்ளையைக் கையில் வாங்கியவள் நீ. அது இறந்தே பிறந்தது, மூச்சே விடவில்லை என்று என்னிடம் சொன்னவளும் நீ. ஞானஸ்நானத் தண்ணீர் படாத பிள்ளைக்குப் பெயர் கிடையாது, கல்லறைத் தோட்டத்தின் மந்திரித்த மண்ணும் கிடையாது என்று சாமியார் சொல்லிவிட்டார். பெற்ற அப்பன் கார்னி அவளை ஒரு சோப்புப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு கில்லீனுக்குப் போனான். அந்த மாதிரிப் பிள்ளைகளைப் போடுவதற்கென்று விட்டிருக்கும் முள்மரத்து மேடு. ஊர்ப் பிள்ளைகளெல்லாம் அங்கேதான், ஆளுக்கொரு கல், கல்லில் ஓர் எழுத்து இல்லை. போய்விட்டு வந்து கைகழுவிச் சாப்பிட உட்கார்ந்தான். அன்று முதல் இன்று வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. ஒன்பது மாதமும் நான் அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். மாடு கறக்கும்போதும் ரொட்டி பிசையும்போதும் கூப்பிட்டேன். மூத்த பெண்ணுக்கு அம்மாவைப் பெற்றவள் பெயர் என்பது நம் வழக்கம். அம்மாவின் பெயரைத்தான் வைத்தேன். கொப்னட்.

அந்தப் பெயர் போய்ச் சேர்ந்துவிட்டது. உன் பிள்ளைக்கு வேறு பார்.

நோனி


கவென்ட்ரி
14 மார்ச் 1955

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைக் கோட் பையில் வைத்துக்கொண்டே நாலு நாள் அலைந்தேன். கோல்மன் கேட்டான், "ஊர்ல யாராச்சும் செத்துட்டாங்களா?" என்று. "இல்ல, அக்காவுக்குக் கோபம்" என்றேன். "அதுக்கு யாராச்சும் செத்திருந்தாலே தேவல" என்றான். நான் கட்டிக்கொண்டது கனமரா ஆளை, அப்படித்தான் பேசுவான். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

பெயரை எப்படி மாற்றுவது அக்கா? ஞானஸ்நானம் ஆகிவிட்டது, புத்தகத்தில் ஏறிவிட்டது. அதோடு நம் வழக்கத்தை நீயே எழுதியிருக்கிறாய். அம்மாவுக்கு மூன்று பெண்கள் இருந்திருந்தால் மூன்று வீட்டிலும் ஒரு கொப்னட் இருந்திருப்பாள். பெரியம்மா வீட்டில் மட்டும் பெரிய கொப்னட், சிவப்பு கொப்னட், மலைமேட்டுக் கொப்னட் என்று பெயரைக் கூப்பிட்டால் பாதி வீடு திரும்பிப் பார்க்கவில்லையா? அது எப்போது ஒருத்திக்கு மட்டும் சொந்தமாயிற்று?

இந்த ஊரில் அந்தப் பெயர் படும் பாட்டைக் கேட்டால் நீயே சிரிப்பாய். குழந்தையை எடை போட வரும் நர்ஸ் மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, இருமலா?" என்றாள். என்ன அர்த்தம் என்று கேட்டாள். வாயில் வந்ததைச் சொன்னேன். தேனீ என்றேன். புனிதை தேனீ வளர்த்தாளே, மாடு திருட வந்தவர்கள் மேல் கூட்டைத் திறந்துவிட்டாளே, அதை வைத்து. கோல்மன் குறுக்கே வந்து, அதெல்லாம் இல்லை, கொல்லன் என்கிற சொல்லிலிருந்து வந்தது, அவள் கொல்லப்பட்டறைக்காரி என்றான். நர்ஸ் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு "டெபோரா" என்று எழுதட்டுமா என்றாள். வேடிக்கை என்னவென்றால் நம் ஊரிலும் அதைத்தானே செய்தார்கள். பைபிள் பாஷையில் டெபோரா என்றால் தேனீயாம். டெபோரா வேண்டாதவர்களுக்கு அபி. அம்மாவே பென்ஷன் புத்தகத்தில் அபிதான். செத்த பிறகு கல்லில்தான் அவளுக்குச் சொந்தப் பெயர் கிடைத்தது.

நான் வளவளவென்று எழுதுகிறேன். எழுத வேண்டியது வேறு. இரண்டு தாள் கிழித்துப் போட்டாயிற்று. குழந்தை அழுகிறாள், பால் கொடுக்க வேண்டும். அடுத்த கடிதத்தில்.

உன் தங்கை,
ஜூலியா


டெரீன்
28 மார்ச் 1955

ஜூலியா,

நர்ஸ் கதை நன்றாக இருந்தது. கார்னிக்குப் படித்துக் காட்டினேன், சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

அர்த்தம் தெரிய வேண்டுமா உனக்கு? நீ தேனீயை மட்டும் பிடித்துக்கொண்டாய். அது எங்கே ஆரம்பிக்கிறது என்பதை மறந்துவிட்டாய். புனிதை கடல் பக்கத்துத் தீவில் ஒளிந்திருந்தாள். தேவதூதன் வந்து, உன் இடம் இது இல்லை, நட என்றான். ஒன்பது வெள்ளை மான் எங்கே ஒன்றாக மேய்கிறதோ அங்கே நில், நீ உயிர்த்தெழப்போகும் மண் அதுதான் என்றான். நடந்தாள். ஓர் இடத்தில் மூன்று மான், ஓர் இடத்தில் ஆறு. நிற்கவில்லை. நம் மலையில் ஒன்பதைக் கண்டாள், நின்றாள், அங்கேயே செத்தாள், அங்கேயே அடக்கம். அந்தப் பெயர்க்காரியின் கதையே தன் கல்லறைக்கு இடம் தேடிய கதை. என் பெண்ணுக்கு மான் வரவில்லை. முள்மரம், பக்கத்து வீட்டு ஆடுகள், கல். அவ்வளவுதான்.

உலகம் முடிந்து எல்லோரும் எழுந்திருக்கும் நாளில் அம்மா கோயில் மண்ணிலிருந்து எழுந்து பேத்தியைத் தேடுவாள். அவள் அங்கே இருக்க மாட்டாள். மோட்சமும் இல்லை, நரகமும் இல்லை, நடுவில் ஓர் இடத்தில் இருட்டில் கிடப்பாள் என்று சாமியார் என் கட்டிலருகே நின்று சொன்னார். வலி இருக்காது, அழ மாட்டாள், ஆனால் ஆண்டவர் முகத்தைப் பார்க்க மாட்டாள் என்றார். ஆறுதலாகச் சொன்னதாக நினைப்பு அவருக்கு.

அவளுக்குப் பிறகு என் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. முப்பத்தெட்டு ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்தில் பெண்கள் பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள், ஒவ்வொரு பெயராய். நான் வண்டியில் ஏறி உட்கார்ந்து கார்னி வரும்வரை குதிரையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீ ஆகஸ்டில் ஊருக்கு வருவாய். என் வாசலில் நின்று நீ அந்தப் பெயரைக் கூப்பிடுவாய், உன்னுடையது திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். அதை என்னால் தாங்க முடியாது என்பதுதான் விஷயம். வழக்கம் கிழக்கம் எல்லாம் எனக்கும் தெரியும்.

எழுத வேண்டியது வேறு என்று எழுதியிருக்கிறாயே, அதை எழுது. நீ சின்ன வயசிலிருந்து இப்படித்தான். பாத்திரத்தை உடைத்துவிட்டு வானிலையைப் பற்றிப் பேசுவாய்.

நோனி


கவென்ட்ரி
10 ஏப்ரல் 1955, ஈஸ்டர்

அக்கா,

கோல்மன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போயிருக்கிறான். கதவைத் தாழ் போட்டுவிட்டு எழுதுகிறேன். இதைக் கிழிக்க மாட்டேன்.

அவள் இறந்து பிறக்கவில்லை.

அன்று மருத்துவச்சி வந்து சேரவில்லை, ஆற்றில் வெள்ளம். அத்தான் அவளை அழைத்துவரப் போயிருந்தார். வீட்டில் நாம் இரண்டு பேர்தான். குழந்தை வந்தபோது நீ நினைவில்லாமல் கிடந்தாய். ரத்தம் நிற்கவில்லை. நீ போய்விட்டாய் என்றுதான் நினைத்தேன். அவளைத் துணியில் சுற்றினேன். நீலமாக இருந்தாள். ஆனால் ஒரு சத்தம் போட்டாள் அக்கா. அழுகை இல்லை, தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சின்ன சத்தம். வாயைத் திறந்து மூடினாள். பிழைக்க மாட்டாள் என்று எனக்கே தெரிந்தது.

சாகப்போகிற பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று பள்ளியில் நமக்கு மனப்பாடம். தண்ணீருக்குச் சமையலறைக்கு ஓடினேன். வாளி காலி. காலையில் கிணற்றுக்குப் போய் வாளி நிரப்புவது என் வேலை. முந்தின நாள் மில்ஸ்ட்ரீட்டில் நடனத்துக்குப் போய்விட்டு வந்து தூங்கிவிட்டேன். நீ வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிறாய், நான் எழுந்ததே பத்து மணிக்கு. அடுப்பில் கெட்டில் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. கொதிக்கிற தண்ணீரை அந்தத் தலையில் எப்படி ஊற்றுவேன்?

அவளைக் கட்டிலில் வைத்துவிட்டுக் கிணற்றுக்கு ஓடினேன். மழை. களத்தைத் தாண்டி, படலைத் திறந்து, மொண்டு, திரும்பி ஓடிவந்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால் தெரியாது. வந்ததும் ஊற்றினேன். "கொப்னட், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று சொன்னேன். உன் மனதில் அந்தப் பெயர் இருந்தது எனக்குத் தெரியாது. மூத்த பெண், அம்மா பெயர், அதைத் தவிர என் வாயில் வேறு எது வரும்?

ஊற்றியபோது அவள் அசையவில்லை. அவள் வாயருகே என் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். மூச்சு படுகிறதா என்று. மழையில் ஓடிவந்த கன்னம், மரத்துப்போயிருந்தது. ஒன்றும் தெரியவில்லை. இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம்.

பிறகு எல்லோரும் வந்தார்கள். சாமியார் என்னைக் களத்துக்கு அழைத்துக் கேட்டார். "தண்ணி பட்டப்போ உயிர் இருந்துச்சா? ஆமாவா இல்லையா, ஒண்ணு சொல்லு." பதினெட்டு வயசு எனக்கு. கொட்டகை மறைவில் அத்தான் நின்றுகொண்டிருந்தார். நான் "தெரியல ஃபாதர்" என்றேன். "தெரியாததுக்கு நான் மந்திரிச்ச மண்ணைக் குடுக்க முடியாது" என்றார். உள்ளே போய் மருத்துவச்சியிடம் பேசினார். அவள் வந்து என் தோளைப் பிடித்துச் சொன்னாள், "செத்தே பொறந்ததுன்னு அக்காகிட்ட சொல்லிடு பொண்ணே. அப்பதான் அவ பொழைப்பா." நீ கண் திறந்ததும் சொன்னேன். அடுத்த வசந்தத்தில் கப்பல் ஏறினேன். ஏன் அவ்வளவு அவசரம் என்று நீ கேட்டாய்.

என் பெண்ணுக்கு அந்தப் பெயரை ஏன் வைத்தேன் தெரியுமா? ஒருமுறை நான் அதை நேரங்கெட்டுச் சொன்னேன். சாமியார் இருக்க, தொட்டி நிறையத் தண்ணீர் இருக்க, பிள்ளை வீறிட்டு அழ, இன்னொருமுறை சொல்லக் கேட்க வேண்டும் என்று இருந்தது.

மன்னித்துவிடு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

ஜூலியா


கவென்ட்ரி
22 மே 1955

அக்கா,

ஆறு வாரம் ஆயிற்று. திட்டியாவது எழுது. தபால் விழும் சத்தம் கேட்டால் மாடியிலிருந்து ஓடுகிறேன், எல்லாம் கேஸ் பில். கடிதம் வந்து சேர்ந்ததா என்று மட்டும் அத்தானை விட்டு ஒரு வரி எழுதச் சொல்.

ஜூலியா


டெரீன்
24 ஜூன் 1955

ஜூலியா,

வந்து சேர்ந்தது. கோழிக்கூட்டில் நின்று படித்தேன். படித்து முடித்து, முட்டைகளைப் பொறுக்கி, உள்ளே வந்து, வாளியைப் பார்த்தேன். நிறைந்திருந்தது. அதைத் தூக்கிக் களத்தில் கொட்டினேன். திரும்பப் போய் மொண்டுவந்தேன். கட்டிலிலிருந்து கிணற்றுக்கும் கிணற்றிலிருந்து கட்டிலுக்கும் எவ்வளவு நேரம் என்று உனக்குத் தெரியாதாம். எனக்குத் தெரியும் இப்போது. ஓடினால் நாலு நிமிஷம். மழையில் ஐந்து வைத்துக்கொள்.

உன்னைத் திட்டி மூன்று கடிதம் எழுதினேன், அனுப்பவில்லை. ஒரு வாளித் தண்ணீர். ஒரு நடனம். அதற்கு மேல் எழுதினால் பேனா கிழிக்கிறது. ஒரு சத்தம் போட்டாள் என்று எழுதியிருக்கிறாயே. ஆறு வருஷமாக என் பெண்ணின் குரல் உன்னிடம் மட்டும் இருந்திருக்கிறது. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கார்னியிடம் சொன்னேன். தொப்பியை எடுத்துக்கொண்டு மாடு பார்க்கப் போய்விட்டான். கறந்து முடித்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

இப்போது கவனமாகப் படி. பழைய சாமியார் குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். மே மாதம் புதியவர் வந்திருக்கிறார், முப்பது வயசுகூட இருக்காது. அவரிடம் போய் முழுதும் சொன்னேன். அவர் கேட்டது இதுதான்.

"அந்தப் பொண்ணு எழுதித் தருமா? தண்ணி பட்டப்போ பிள்ளைக்கு உயிர் இருந்துச்சுன்னு ஒரே ஒரு வரி, கையெழுத்து போட்டு. அது போதும். ஞானஸ்நானப் புஸ்தகத்துல பேரை ஏத்திடறேன். பெட்டியை எடுத்து உங்க அம்மா பக்கத்துலயே வெச்சிடலாம்."

"தெரியலன்னு எழுதினா ஃபாதர்?"

அவர் தன் காலணியைப் பார்த்தார். "தெரியலன்னு ஒரு கடுதாசி என் கைக்கு வராம இருக்கறது நல்லது" என்றார். "வந்துட்டா நான் மேல பிஷப்புக்கு எழுதணும். அங்க என்ன சொல்லுவாங்கன்னு உங்களுக்கே தெரியும்."

உன் ஈஸ்டர் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன்.

நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. யோசித்துப் பார் என்கிறேன். அன்று நீ சின்னப்பெண். அந்த மனுஷன் குரலைக் கேட்டாலே பெரியவர்கள் நடுங்குவார்கள். தெரிந்திருந்தும் பயத்தில் தெரியவில்லை என்று வாயில் வந்திருக்கலாம். நிதானமாக உட்கார்ந்து யோசி. மூச்சு இருந்ததா? கண் இமை அசைந்ததா? ஏதாவது ஒன்று.

ஒரு வரிதான். அதை நீ எழுதினால் உன் பிள்ளையை என் வாசலில் நின்று எப்படி வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள்.

நோனி


கவென்ட்ரி
3 ஜூலை 1955

அக்கா,

யோசித்தேன். யோசிப்பதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. துணி துவைக்கும்போது கையில் நுரையோடு நின்றுவிடுகிறேன். ஒருமுறை இமை அசைந்ததாகத் தோன்றுகிறது. அடுத்த நிமிஷம், அது என் பிள்ளையின் இமை, நேற்றுப் பார்த்தது என்று தெரிகிறது. கன்னத்தில் மூச்சு பட்டதாக நினைத்துக்கொண்டால் படுகிறது. நினைக்காவிட்டால் இல்லை. இதை எப்படி நான் எழுதிக் கையெழுத்துப் போடுவேன்?

ஞானஸ்நானத்தைப் பற்றிச் சாமியாருக்கே பொய் எழுதினால் அது சாவான பாவம், அதை வைத்துக்கொண்டு பூசையில் போய் நன்மை அப்பம் வாங்கக்கூடாது. அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் காதில் சொல்லி மன்னிப்பு வாங்கவும் முடியாது. சொன்னால் போய்த் திருத்து என்பார்கள். திருத்தினால் அவளைத் தோண்டி மறுபடி மேட்டுக்குக் கொண்டுபோவார்கள். ஆக, சாகும்வரை அதைச் சுமந்துகொண்டு போக வேண்டியது. எனக்கு ஒரு பிள்ளை இருக்கிறது அக்கா. அவளை முழந்தாளிட வைத்து ஜெபம் சொல்லித்தர வேண்டியவள் நான்.

வேறு என்ன வேண்டுமானாலும் கேள். பெயரை மாற்றச் சொன்னாயே, டெபோரா என்றே கூப்பிடுகிறேன். ஊருக்கு வரவில்லை. இதை மட்டும் கேட்காதே.

ஜூலியா


டெரீன்
6 ஜூலை 1955

நான் கேட்டது ஒரு வரி. நீ இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய்.

உன் ஆத்துமாவைப் பற்றி எழுதினாய். அவளுடையதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

நோனி


கவென்ட்ரி
11 ஜூலை 1955

அக்கா,

தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். "1948 நவம்பர் 16ஆம் தேதி என் அக்கா ஹானோரா ட்வோமியின் பெண் குழந்தைக்கு நான் தண்ணீர் ஊற்றி, கொப்னட் என்று பெயரிட்டு, முறைப்படி ஞானஸ்நானம் கொடுத்தேன். தண்ணீர் பட்டபோது குழந்தைக்கு உயிர் இருந்தது." கீழே கையெழுத்து. அதை மட்டும் கொடு, இதைக் கொடுக்காதே.

யோசித்ததில் ஞாபகம் வந்தது. மூச்சு இருந்தது. அவ்வளவுதான்.

இங்கே வெயில் அதிகம். குழந்தைக்கு வேர்க்குரு. சனிக்கிழமையே எழுதிவிட்டேன், தபால்பெட்டி வரை இரண்டு தடவை போய்த் திரும்பினேன். நேற்று பூசைக்குப் போனோம். நன்மை வாங்க எல்லோரும் எழுந்தார்கள், நான் எழுந்திருக்கவில்லை. கோல்மன் முழங்கையால் இடித்தான். காலையில் மறந்துபோய் ரொட்டி தின்றுவிட்டேன், நன்மை வாங்க வெறும் வயிறு இல்லை என்றேன்.

அம்மா பக்கத்தில் வைத்ததும் எனக்கு எழுது.

ஜூலியா


டெரீன்
2 ஆகஸ்ட் 1955

ஜூலியா,

உன் தாளைப் புதன்கிழமையே சாமியாரிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். புத்தகத்தை எடுத்தார், 1948க்குப் போனார், ஓரத்தில் எழுதினார். அதில் பெயரெல்லாம் லத்தீனில் எழுதுவார்கள். "அம்மா பேரு எப்படியோ அப்படியே எழுதுங்க ஃபாதர்" என்றேன். எழுதினார். மை காயும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை மாலை, வெயில் இறங்கும் முன் மேட்டுக்குப் போனோம். சாமியார், நான், கார்னி. கார்னி கையில் மண்வெட்டி. அம்மா கல்லறைக்குப் பக்கத்தில் காலையிலேயே ஒரு சின்னக் குழி வெட்டிவிட்டு வந்திருந்தான். நான் வெள்ளைத் துணி தைத்துக் கொண்டுபோயிருந்தேன். சாமியார் தோளில் ஜெபப்பட்டையைப் போட்டுக்கொண்டு புத்தகத்தைத் திறந்து நின்றார்.

கார்னி முள்மரத்தடிக்குப் போனான். ஒரு கல்லைக் காட்டினான். மண்வெட்டியை ஊன்றினான். எடுத்தான். அடுத்த கல்லுக்குப் போனான். அங்கிருந்து சுவரோரம் போனான். நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம். அந்த மேட்டில் நாற்பது கல்லுக்குமேல் இருக்கும், எல்லாம் ஒரே மாதிரி, ரொட்டி அளவு. பாதி புல்லில் மூடிக் கிடக்கிறது. பிறகு மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தான்.

"எனக்குத் தெரியல நோனி."

"நல்லா பாரு. மரத்துலேர்ந்து எத்தனை அடி?"

"நான் பாக்கல. பெட்டியை வெச்சு, மண்ணைத் தள்ளி, கையில அகப்பட்ட கல்லை வெச்சேன். வெச்சிட்டுக் கண்ணை மூடிக்கிட்டுத் திரும்பிட்டேன். வேணும்னேதான். எடம் தெரிஞ்சா தெனம் இங்கதான வந்து நிப்பேன். அப்புறம் யாரு மாடு கறக்கறது, யாரு உன்னைப் பாத்துக்கறது?"

ஆறு வருஷமாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன், இந்த மனுஷனுக்கு ஒன்றும் இல்லை, கைகழுவிச் சாப்பிட உட்கார்ந்தானே என்று. அவன் அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழுதான். நான் போய்த் தொடவில்லை. தொட முடியவில்லை.

சாமியாரிடம், எல்லாவற்றையும் தோண்டிப் பார்க்கலாமா என்றேன். "ஒவ்வொண்ணும் ஒருத்தர் பிள்ளை மிஸஸ் ட்வோமி" என்றார். "எந்த அம்மாகிட்ட போய் நான் கேப்பேன்?" அது சரிதான். அவர் மேடு முழுவதற்கும் பொதுவாக ஒரு ஜெபம் சொன்னார், சத்தமில்லாமல், சட்டத்தில் இடம் இருக்கிறதோ இல்லையோ. வரும் வழியில் கார்னி கல்லறைத் தோட்டத்துக்குள் போய் அந்தச் சின்னக் குழியை மூடினான். மண் மிஞ்சவில்லை, உள்ளே ஒன்றும் வைக்காததால் சமமாகிவிட்டது.

ஆகஸ்டில் வர வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. உன் பெண்ணை டெபோரா என்று கூப்பிடாதே, அவள் பெயர் எதுவோ அதைச் சொல்லியே கூப்பிடு, ஆனால் எனக்குக் கேட்காத தூரத்தில்.

ஈஸ்டர் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். தாளோடு வந்த கடிதத்தையும் போட்டுவிட்டேன். இனி இந்த வீட்டில் "தெரியவில்லை" என்று சொல்கிற காகிதம் எதுவும் இல்லை. புத்தகத்தில் அவள் பெயர் இருக்கிறது. நீ ஆமாம் என்றாய், நான் நம்பினேன். உண்மையாகவே நம்பினேன், ஞாபகம் வந்தது என்ற வரியைப் படித்தபோது சமையலறையில் உட்கார்ந்து சத்தமாக அவளைக் கூப்பிட்டேன். பிறகு கடிதத்தைக் கடைசிவரை படித்தேன்.

நீ எனக்காக எதைக் கொடுத்திருக்கிறாய் என்று தெரிகிறது. அதை நான் திருப்பித் தர முடியாது, வாங்கியதும் வீணாகப் போயிற்று. ஆனால் ஜூலியா, நன்மை வாங்க எழுந்திருக்கவில்லை என்ற அந்த ஒரு வரியை நீ எழுதாமல் இருந்திருக்கலாம்.

நோனி